அலையும் ஆற்றலும்

அசைவற்ற குளத்தில் ஒரு சிறு கல்லை எறிந்தால், அது விழுந்த இடத்தினின்று வட்டம் வட்டமாக அலைகள் எழுந்து கரையை அடையும். கல் விழுந்த இடத்து நீரே கரைக்கு ஓடி வந்ததெனக் காண்போர் கருதுவர். அந்நீரில் மிதக்கும் அரசிலை ஒன்றை நோக்கின், அக்கருத்துப் பிழையென்பது புலனாகும். அலை வருங்கால் இலை மேலெழும், கடந்தபின் தாழும், தன் இடத்தை விட்டுப் பெரிதும் பெயராது. நீர் நின்றவிடத்தே அசைய, கல் தந்த ஆற்றலே கரைக்குச் செல்கிறது. அலை செல்லுதற்கு இடனாகிய பொருளை ஊடகம் என்பர். நீரேயன்றிக் காற்றும் பாறையும் ஊடகங்களாம்.

அலையின் உயர்ந்த பகுதி முகடு. தாழ்ந்த பகுதி அகடு. முன்னது கூரையின் உச்சியையும், பின்னது வயிற்றையும் குறிக்கும் பழஞ்சொற்கள். புதிய அறிவியலுக்கும் அவை இனிது பொருந்தின. அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு அலைநீளம். அசையாத நீர்மட்டத்தினின்று முகட்டின் உயரம் வீச்சு. ஒரு நொடியில் ஓரிடத்தைக் கடக்கும் அலைகளின் எண்ணிக்கை அதிர்வெண். ஏனைய மாறாதிருக்க, வீச்சு இருமடங்கானால் அலை சுமக்கும் ஆற்றல் நான்மடங்காகும்.

ஆயினும், வீச்சு ஒன்றனையே கண்டு அலையின் வலிமையை அளத்தல் பொருந்தாது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திராத் தீவின் மேற்கே கடலடி நிலம் நடுங்கிற்று. கடற்றரை சட்டென உயரவே, அதன் மேலிருந்த நீர் முழுதும் உந்தப்பட்டது. காற்றால் எழும் அலை கடலின் மேற்பகுதியை மட்டுமே அசைக்கும். இப்பேரலையோ அடிவரை அசைத்தது. நடுக்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அலைநீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கப்பலில் இருப்போர் அதனை உணர்தல் அரிது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் இத்தகைய அலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் விரையும். கரையை அணுகுங்கால் ஆழம் குறைய, விரைவு தளரும். பின்வரும் நீர் முன்னதை நெருக்க, அலைநீளம் சுருங்கி உயரம் ஓங்கும். சுமத்திராவின் நீர் வங்கக் கடலைக் கடந்து வந்திலது. அங்குப் பிறந்த ஆற்றலே வந்தது. நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நிலநடுக்கத்தின் அதிர்வும் ஓர் அலையே. அது பாறையினூடே நொடிக்குச் சில கிலோமீட்டர் செல்லும். அன்று காலை சென்னையில் பலர் அவ்வதிர்வை உணர்ந்தனர். கடலலை வந்து சேர்ந்ததோ இரண்டு மணி நேரத்திற்குப் பின்னர். அவ்விடைவேளையில் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கூறும் அமைப்பு யாதும் நம் நாட்டில் இல்லை. 2007 ஆம் ஆண்டு ஐதராபாத்தில் அதற்கென ஒரு நிலையம் நிறுவப்பட்டது. விரைந்து வரும் நில அலையைக் கருவிகளால் அறிந்து, பின்வரும் கடலலை எவ்வூரை எப்பொழுது அடையுமெனக் கணித்து அறிவிப்பது அதன் பணியாகும்.