கணினி வாங்கும் முன்: கொடுக்கும் பணத்துக்கு வேகம் கிடைக்கிறதா?

ஜூன், ஜூலை மாதங்கள் வந்துவிட்டால், கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கணினிப் பேச்சுதான். மகன் ஒரு மடிக்கணினியின் படத்தைக் காட்டி, "இதுதான் வேண்டும்" என்கிறான். விலையைப் பார்த்து உம்மா திகைக்கிறார். வளைகுடாவில் வேலை செய்யும் வாப்பாவுக்கு போன் போகிறது. கடைக்காரரோ, "வட்டியே கிடையாது, மாதத் தவணையில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்.

கையிலிருக்கும் ரொக்கத்துக்கே தேவைக்கேற்ற கணினி கிடைக்குமா என்பதுதான் இங்கே முதலில் பார்க்க வேண்டியது. பெரும்பாலான வீடுகளுக்குக் கிடைக்கும். அதற்கு, எந்தப் பாகம் எந்த வேலையைச் செய்கிறது, எதற்குக் கொடுக்கும் பணம் வேகமாகத் திரும்பி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேகம் எங்கே தடைபடுகிறது?

நமது கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸர்தான் பண்டாரி. ராம், அவர் முன்னால் சாமான்களைப் பரப்பி வைத்திருக்கும் மேசை. ஹார்ட் டிஸ்க், சாமான்கள் அடுக்கியிருக்கும் அறை. பண்டாரி எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அரிசியும் இறைச்சியும் அறையிலிருந்து தாமதமாக வந்தால் சோறு நேரத்துக்கு வெந்து இறங்காது.

பழைய கணினிகள் திணறுவதற்குப் பெரும்பாலும் இந்த 'அறை'தான் காரணம். சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க் வினாடிக்குச் சுமார் 100 முதல் 200 எம்.பி. வரை தரும். சாதாரண சாட்டா வகை எஸ்.எஸ்.டி. சுமார் 550 எம்.பி. தரும். என்.வி.எம்.இ. வகை 3,500 எம்.பி. அளவையும் தாண்டும். இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கிறது. ஹார்ட் டிஸ்க்கால் ஒரு வினாடியில் நூறு தடவை அளவுக்குத்தான் இப்படித் தேடி எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி.யால் பல்லாயிரம் தடவை முடியும்.

ஆகவே வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருந்தால், புதிது வாங்கும் முன் அதற்கு எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். ராம் 4 ஜி.பி. மட்டுமே இருந்தால் 8 ஆக்குங்கள். குறைந்த செலவில் இவ்வளவு மாற்றம் தரும் வேறு பாகம் இல்லை. சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறும்போது அதே அளவு வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம். அன்றாட வேலைகளில் அது கண்ணுக்குத் தெரிவது குறைவு.

ஐ7 என்றால் வேகமா?

கடைகளில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். 2016இல் வெளிவந்த ஐ7-7500யு என்ற மடிக்கணினி ப்ராசஸரில் இருப்பவை 2 கோர்கள். 2022இல் வெளிவந்த ஐ3-12100 என்ற மேசைக் கணினி ப்ராசஸரில் 4 கோர்கள். பாஸ்மார்க் என்ற சோதனையில் முன்னது சுமார் 3,600 புள்ளிகளும், பின்னது சுமார் 13,500 புள்ளிகளும் பெறுகின்றன. அதாவது இந்த 'ஐ3', அந்த 'ஐ7'ஐவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகமானது.

எனவே ஐ3, ஐ5, ஐ7 என்பதை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அதன் பின்னால் வரும் முழு எண்ணையும் கேட்டு வாங்கி, புள்ளிகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். முழு எண்ணைச் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

மூன்று கணினிகள், ஒரு கணக்கு

மூன்று வகை மேசைக் கணினிகளை ஒப்பிடுவோம். விலைகள் அடிக்கடி மாறுவதால், கீழே உள்ளவை கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகளே. உங்கள் ஊரில் கேட்ட விலையைப் போட்டு நீங்களே கணக்கிடலாம். மானிட்டரும் யு.பி.எஸ்.ஸும் மூன்றுக்கும் பொதுவான செலவு என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

முதலாவது: அலுவலகங்களில் பயன்படுத்திவிட்டு விற்பனைக்கு வரும் ஐ5-8500 கணினி. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இத்தகையவை கிடைக்கின்றன. 6 கோர்கள், சுமார் 9,500 புள்ளிகள். விலை 15,000 ரூபாய் என்றால், ஆயிரம் ரூபாய்க்குச் சுமார் 630 புள்ளிகள்.

இரண்டாவது: புதிதாகப் பொருத்திய ஐ3-12100 கணினி. சுமார் 13,500 புள்ளிகள். விலை 30,000 ரூபாய் என்றால், ஆயிரம் ரூபாய்க்கு 450 புள்ளிகள்.

மூன்றாவது: புதிதாகப் பொருத்திய ரைசன் 5 5600ஜி கணினி. 6 கோர்கள், சுமார் 19,500 புள்ளிகள். விலை 38,000 ரூபாய் என்றால், ஆயிரம் ரூபாய்க்குச் சுமார் 510 புள்ளிகள்.

பணத்துக்கு அதிகப் பலன் தருவது பழைய அலுவலகக் கணினிதான். ஆனால் கணக்கை இங்கே நிறுத்திவிடக் கூடாது. கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக 15,000 ரூபாய் கூட்டினால் கிடைப்பது 4,000 புள்ளிகள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக 8,000 ரூபாய் கூட்டினாலே 6,000 புள்ளிகள் கிடைக்கின்றன. இந்த விலைகளில், சாதாரண வேலைக்கு முதலாவது போதும்; கனமான வேலை இருந்தால் சற்றுப் பொறுத்துச் சேமித்து மூன்றாவதை வாங்கலாம். நடுவில் உள்ளது இரண்டு பக்கமும் நஷ்டம்.

மடிக்கணினியா, மேசைக் கணினியா?

அதே விலைக்கு மேசைக் கணினிதான் வேகமாக இருக்கும். மெல்லிய மடிக்கணினியின் ப்ராசஸர் பொதுவாக 15 வாட் அளவு மின்சாரத்துக்காக வடிவமைக்கப்பட்டது. மேசைக் கணினியில் அது 65 வாட் அளவு. சூடு வெளியேற இடமில்லாததால் நீண்ட நேர வேலையில் மடிக்கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு மடிக்கணினிதான் வழி. வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வதற்கு மேசைக் கணினி ஏற்றது. பொது அறையில் வைத்தால் பெற்றோரின் பார்வையும் அதன் மீது இருக்கும்.

வளைகுடாவிலிருந்து ஊர் வருபவர், 18 வயது நிரம்பியவராக இருந்தால், ஒரு மடிக்கணினியைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். வாங்கும்போது வாரண்டி இந்தியாவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

யாருக்கு எது தேவை?

பாடம், ஆன்லைன் வகுப்பு, குர்ஆன் ஓதும் வகுப்பு, டைப்பிங், கடைக் கணக்கு ஆகியவற்றுக்கு 8 ஜி.பி. ராமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் போதும். மென்பொருள் படிக்கும் பிள்ளைக்கு 16 ஜி.பி. ராம் நல்லது. 16 ஜி.பி.யை ஒரே அட்டையாகப் போடாமல் இரண்டு 8 ஜி.பி. அட்டைகளாகப் போட்டால், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படக்காட்சிகள் இன்னும் சீராக ஓடும்.

முப்பரிமாணக் கட்டட வரைபடம், வீடியோ எடிட்டிங், செயற்கை நுண்ணறிவு பயிற்சி இவற்றுக்குத்தான் தனி கிராபிக்ஸ் கார்டு. மடிக்கணினியில் அதை வாங்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் உண்டு, 80 வாட்டிலும் உண்டு. இரண்டின் வேகமும் ஒன்றல்ல. "படிப்புக்கு" என்று சொல்லி 'கேமிங்' மடிக்கணினி கேட்கும் பிள்ளையிடம், எந்தப் பாடத்தின் எந்த மென்பொருளுக்கு அது தேவை என்று அன்பாகக் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் வாங்கிக் கொடுங்கள்.

பழையதை வாங்கும்போது

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். ஆகவே 4ஆம், 6ஆம் தலைமுறைக் கணினிகளை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுப் பயன்படுத்தலாம். திருட்டுப் பிரதி மென்பொருளை நிறுவித் தரச் சொல்லாதீர்கள். பிறர் உழைப்பின் உரிமை அதில் இருக்கிறது.

கடையிலேயே கணினியை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸரின் முழுப் பெயரையும் ராம் அளவையும் பாருங்கள். எஸ்.எஸ்.டி.யின் ஆயுளைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தை மறைத்து வைத்திருந்த வணிகரைக் கண்டித்த நிகழ்வை நாம் அறிவோம். பழுதான பேட்டரியையும் தேய்ந்த டிஸ்க்கையும் மறைத்து விற்பது அதே ஈரம்தான். குறையைச் சொல்லி விற்றால் லாபம் குறையலாம், பரக்கத் குறையாது.

'வட்டியில்லாத் தவணை' உண்மையா?

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்ற பெயரைக் கேட்டதும் பலர் நிம்மதியாகக் கையெழுத்திடுகிறார்கள். வங்கி அல்லது கார்டு வழியாக வரும் இத்திட்டங்களில் வழக்கமாக நடப்பது என்ன? வங்கி வட்டி விதிக்கத்தான் செய்கிறது. அந்த வட்டித் தொகையின் அளவுக்கு விற்பனையாளர் விலையில் தள்ளுபடி தருகிறார். உங்கள் கார்டுக் கணக்கில் வட்டி என்ற வரியும், அந்த வட்டியின் மீது ஜி.எஸ்.டி.யும் தனியாக வரும். பல இடங்களில் செயலாக்கக் கட்டணமும் உண்டு. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில் தெளிவாக்கியது.

ஆகவே கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். உங்கள் பகுதி ஆலிம்களிடம் காட்டித் தெளிவு பெறுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்றும் கடையில் கேளுங்கள்.

ரொக்கம் முழுவதும் இல்லையென்றால், மேசைக் கணினியைப் படிப்படியாக உயர்த்தலாம். இன்று 8 ஜி.பி. ராமோடு தொடங்கி, ஆறு மாதம் கழித்து இன்னொரு 8 ஜி.பி. சேர்க்கலாம். அதற்குத் தக்கபடி, காலியிடம் உள்ள மதர்போர்டாகவும் தரமான பவர் சப்ளையாகவும் முதலிலேயே தேர்ந்தெடுங்கள்.

தேவைக்குச் செலவிடுவது வீண்விரயம் அல்ல. தேவையைத் தெரிந்துகொள்ளாமல் செலவிடுவதே வீண்விரயம். வெயிலில் நின்று வாப்பா சம்பாதித்த பணம், பிள்ளையின் கல்விக்குப் பயன்பட வேண்டும். வட்டிக்கும் வெறும் பெயருக்கும் போய்விடக் கூடாது. நம் சம்பாத்தியத்திலும் நம் பிள்ளைகளின் கல்வியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!