கண்ணாடிப்பாய்: மூங்கில் நாரில் ஒளிக்கோலம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிறவர்கள் மீனாட்சிபுரம் வழியாகக் கேரளத்துக்குள் நுழையலாம். அங்கிருந்து தெற்கே பரம்பிக்குளம் காடுகளில் காடர்கள். இன்னும் தெற்கே இடுக்கியில் ஊராளிகள், மன்னான்கள், முதுவான்கள். மன்னான்களும் முதுவான்களும் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பார்கள். இந்த மக்களின் கைவேலைதான் கண்ணாடிப்பாய்.

நமக்குத் தெரிந்த பத்தமடைப் பாய்க்குக் கோரை வேண்டும், பாவு நூல் வேண்டும், தறி வேண்டும். இதற்கு மூங்கிலும் கத்தியும் விரல்களும் போதும். ஞூஞ்ஞிலீற்ற என்கிற மெல்லிய ஈற்றை மூங்கிலை வெட்டிப் பிளந்து, அதன் மிருதுவான உள்ளடுக்கைச் சீவி நாராக்குகிறார்கள். உண்மையான கைத்திறன் இந்தச் சீவலில்தான் இருக்கிறது. நார் ஓரிடத்தில் தடித்தாலும் பாய் மடங்காது. ரொம்ப மெலிந்தால் பின்னும்போதே அறுந்துவிடும்.

கோலம் எப்படி விழுகிறது? ஒரு நார் அடுத்தடுத்த சில நார்களைத் தாண்டி மேலாகப் போய், பிறகு கீழே நுழைகிறது. தாண்டும் திசையை மாற்றினால் வெளிச்சம் படும் விதமும் மாறும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒன்று மின்ன, இன்னொன்று மங்கலாகத் தெரிகிறது. பாயைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், மின்னிய கட்டம் மங்கிவிடும்.

இந்தப் பாயில் படுத்தால் கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு என்பார்கள். அரசர்களுக்கு மரியாதைக் காணிக்கையாகவும் இது போயிருக்கிறது. நன்றாகப் பின்னிய பாயைச் சுருட்டி ஒரு மூங்கில் குழலுக்குள்ளேயே செருகிவிடலாமாம்! இடம் மாறி வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய வசதி.

கண்ணாடிப்பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி 2025-இல் வந்தது. இடுக்கி வெண்மணிப் பகுதிப் பழங்குடியினர் விண்ணப்பிக்க, பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் துணைநின்றது. நல்லதுதான், ஆனால் காட்டில் ஈற்றை வெட்ட வழியில்லாவிட்டால் குறியீட்டை வைத்துப் பாய் பின்ன முடியாது.

வாங்கப் போனால் ஓரத்தை மடக்கிப் பாருங்கள். விறைத்து நின்றால் அது நெல் காயப்போடும் சாதாரண மூங்கில் பாய். துணிபோல் வளைந்து கொடுத்தால் விலையில் பேரம் பேசாதீர்கள்.