மேடையை விட்டு இறங்குவது எப்போது?

மேல்நாட்டு ஏடுகளில் ஒரு கேலி அடிக்கடி தலைகாட்டும். நரைத்த தலையும் தளர்ந்த தோளுமாகக் கித்தார் பிடித்து நிற்கும் ராக் இசைக்காரர்களைப் பார்த்து, பேரன் பேத்திகளைக் கொஞ்ச வேண்டிய வயதில் இவர்களுக்கு மேடை எதற்கு என்று எழுதிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நாம் கலந்துகொள்ள மாட்டோம். உழைத்துக் கிழவனானவனைப் பார்த்துச் சிரிப்பது உழைக்காதவன் வழக்கம். ஆனால், சிரிப்பை ஒதுக்கிவிட்டாலும் கேள்வி ஒதுங்கிவிடவில்லை. ஊர் ஊராகச் சுற்றிக் கச்சேரி செய்யும் ஒரு குழு எந்த நாளில் மூட்டையைக் கட்ட வேண்டும்? அந்த நாளைக் குறிக்கும் உரிமை யாருக்கு? வாசிக்கிறவனுக்கா, டிக்கட் விற்கிறவனுக்கா?

உழைப்பாளர் படிக்கும் ஏட்டில் ராக் இசைக்கு என்ன வேலை என்று தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நாம் பேசப்போவது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில், ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் பிறந்த 'பிளாக் சாபத்' குழுவைப் பற்றி. பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் தந்தை ஆலையில் கருவிகள் செய்த தொழிலாளி. தாயும் ஆலைத் தொழிலாளிதான். மகன் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். மோட்டார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலை, ஆடுமாடு வெட்டும் கொட்டகையில் வேலை என்று அலைந்தவர். திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். அபராதம் கட்டத் தகப்பனார் மறுத்துவிட்டார்!

கித்தார் வாசித்த டோனி அயோமியின் கதையை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். 1965. அவருக்குப் பதினேழு வயது. தகடு வெட்டும் ஆலையில் வேலை. அன்றோடு கணக்கை முடித்துக்கொண்டு ஓர் இசைக் குழுவோடு வெளிநாடு புறப்பட ஏற்பாடு. மதியம் வீட்டுக்கு வந்தவர் இனிப் போவானேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசி நாளையும் ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பிவைத்தார். வழக்கமாகப் பிரஸ்ஸில் நிற்கிற ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத பையனை அங்கே நிறுத்தினார்கள். இயந்திரம் இறங்கியது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. இடது கைப் பழக்கக்காரர் அவர். கித்தாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை அந்த வலது கைதான்.

பழக்கமில்லாத ஆளைப் பிரஸ்ஸில் நிறுத்துவது என்றால் என்னவென்று நம் தோழர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

ஆலையில் மேலாளாக இருந்த ஒருவர், வருந்திக் கிடந்த பையனிடம் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீயில் கை வெந்து இரண்டு விரல் செயலிழந்த பின்னும் கித்தாரில் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு அது. பையன் எழுந்து உட்கார்ந்தான். பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை உருக்கி, தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்வதுபோல் இரண்டு தொப்பிகள் செய்து, மேலே தோல் ஒட்டினான். கனத்த தந்தியை அழுத்த முடியாது. மெல்லிய தந்தி கட்டினான். பின்னாளில் தந்திகளைத் தளர்த்தி, சுருதியையும் இறக்கினான். அந்தத் தாழ்ந்த, கனத்த ஓசைதான் பின்னர் 'ஹெவி மெட்டல்' என்று உலகெங்கும் பெயர் பெற்ற இசைக்கு அடையாளமாயிற்று. 1968-ல் குழு சேர்ந்தது; முதல் இசைத்தட்டை ஒரே நாளில் பதிந்தார்கள்; 1970-ல் அது வெளிவந்தது. போர் மூட்டும் பெரிய மனிதர்களைச் சாடி அந்த ஆண்டிலேயே அவர்கள் வெளியிட்ட பாட்டு ஐம்பது ஆண்டு கழித்தும் அவர்களது மேடையில் ஒலித்தது. போர்தான் நிற்கவில்லையே!

இப்படிப்பட்ட கைகளுக்கும் ஓய்வு நாள் ஒன்று வரத்தான் வேண்டும். ஏன் வரவிடுவதில்லை?

ஒரு காலத்தில் இசைத்தட்டு விற்பதற்காகச் சுற்றுப்பயணம் போனார்கள். இன்று கணக்கு தலைகீழ். கைபேசியில் மாதச் சந்தா கட்டி ஊர் உலகத்துப் பாட்டையெல்லாம் கேட்கலாம் என்றான பிறகு, பாட்டுப் பதிவால் வாசித்தவன் கைக்கு வந்து சேர்வது சில்லறை. பணம் மேடையில் இருக்கிறது. ஆகவே கிழவனும் மேடையில் இருக்கிறான். மேடையோ சில பெரும் கம்பெனிகளின் பிடியில் இருக்கிறது. கச்சேரி ஏற்பாடு செய்யும் 'லைவ் நேஷன்', டிக்கட் விற்கும் 'டிக்கட்மாஸ்டர்' ஆகிய இரண்டும் 2010-ல் ஒன்றாயின. அது ஏகபோகம் என்று அமெரிக்க அரசின் நீதித் துறையே 2024 மே மாதம் வழக்குத் தொடுத்தது. முதலாளித்துவத்தின் தலைவாசலிலேயே இந்த வழக்கு!

பணம் காய்க்கும் மரத்தை எவன் வெட்டுவான்? எனவே 'விடைபெறும் பயணம்' என்பதே ஒரு சரக்காகிவிட்டது. கடை காலி செய்கிறோம் என்று பலகை மாட்டிப் பத்து வருஷம் வியாபாரம் நடத்தும் ஜவுளிக் கடைக்காரரை நாம் அறிவோம். 'தி ஹூ' குழு 1982-ல் விடைபெற்றது, 1989-ல் திரும்பிவிட்டது. 'மாட்லி குரூ' குழுவினர் இனிச் சுற்றுப்பயணம் போக மாட்டோம் என்று 2014-ல் பத்திரமே எழுதிக் கையெழுத்திட்டார்கள். 2015 டிசம்பர் 31 அன்று கடைசிக் கச்சேரியும் செய்தார்கள். 2019-ல் அந்தப் பத்திரத்தை வெடிவைத்துத் தகர்ப்பதாகப் படம்பிடித்து, அதையே விளம்பரமாக்கித் திரும்பினார்கள். நமது ஆஸியும் இதில் யோக்கியர் அல்ல. 1992-ல் இனிப் பயணமில்லை என்று பெயர் வைத்தே ஒரு பயணம் போனார். 1995-ல் மறுபடி கிளம்பிவிட்டார். கடைசித் தடவை என்று நம்பி, சேமிப்பை எடுத்து டிக்கட் வாங்கினானே ஒரு தொழிலாளி, அவன் பணம் யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொரு பக்கமும் உண்டு; அது சிரிக்கக் கூடியதல்ல. 2002 ஜூன் 27. 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விஸில் லாஸ் வேகாஸ் நகரத்து ஓட்டல் அறையில் இறந்து கிடந்தார். மறுநாள் பயணம் தொடங்க வேண்டும். சில நாட்களுக்குள் மாற்று ஆள் வந்தார். ஜூலை 1-ம் தேதி கச்சேரி நடந்தது. மற்ற இருவரையும் கல்நெஞ்சர் என்று நாம் கூறவில்லை. மன்றங்கள் பேசியாகிவிட்டன, டிக்கட் விற்றாகிவிட்டது, லாரிகள் புறப்பட்டாகிவிட்டன. ஆள் விழுந்தாலும் பட்டறை நிற்காது என்ற நியதி ஆலைக்கு மட்டும் உரியதல்ல என்பதைத்தான் சொல்கிறோம்.

குழு நின்றால் அதை நம்பியிருக்கும் கூலியாட்கள், மின்சாரத் தொழிலாளர், லாரி ஓட்டுநர் அடுப்பு அணைந்துவிடாதா என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி, அதிலும் கம்பெனிக்காரன் வாயிலிருந்து வரும்போது கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டிய கேள்வி. முன்கூட்டிச் சொல்லித் திட்டமிட்டு நிறுத்தினால், அந்தத் தொழிலாளி அடுத்த குழுவுக்கு வேலை தேடிக்கொள்ள அவகாசம் இருக்கும். பாடகன் நோயில் விழுந்து, பயணம் பாதியில் அறுந்தால்தான் அவன் நடுத்தெருவில் நிற்பான். 'ஏரோஸ்மித்' குழு 2023 செப்டம்பரில் விடைபெறும் பயணம் தொடங்கியது. சில கச்சேரிகளிலேயே பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளை காயப்பட்டது. தள்ளிப்போட்டுப் பார்த்து, 2024 ஆகஸ்டில் முழுவதும் கைவிட்டார்கள்.

அப்படியானால் அளவுகோல் எது? வயது அல்ல. மிஸிஸிப்பியில் பருத்திக் காட்டில் உழைத்து வளர்ந்த பி. பி. கிங் எண்பத்தொன்பதாம் வயது வரை மேடையேறினார். நாற்காலியில் உட்கார்ந்துதான் வாசித்தார். யாரும் ஏமாறவில்லை. சுருதியைக் குறைத்துப் பாடலாம், உட்கார்ந்து பாடலாம், பாட்டின் எண்ணிக்கையையும் குறைக்கலாம். ஆனால், பழைய பதிவை மறைவில் ஓடவிட்டு வாயை மட்டும் அசைப்பது, தராசில் விரல் வைத்து விற்பதற்கு ஒப்பு. டிக்கட்டில் விற்ற வேலையைத் தன் உடம்பால் செய்ய முடிகிறவரை மேடை அவனுடையது. முடியாத அன்று இறங்க வேண்டும். அதையும் அவன் வாயாலேயே சொல்லி இறங்க வேண்டும்.

கனடா நாட்டு 'ரஷ்' குழுவின் நீல் பியர்ட் அப்படி இறங்கியவர். டிரம் அடிப்பது சம்மட்டி பிடிப்பதுபோல. தோளும் முழங்கையும் தேயும். இன்னும் நன்றாக வாசிக்க முடிகிறபோதே போதும் என்றார். 2015 ஆகஸ்ட் 1-ம் தேதி லாஸ் ஏஞ்செல்ஸில் கடைசியாக வாசித்தார். கூட்டாளிகளுக்குத் தொடர ஆசை இருந்தது. ஆனாலும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். 2020 ஜனவரியில் பியர்ட் மறைந்தார். ஒருவன் உடம்பின் கணக்கை அவனே எழுதட்டும் என்று கூட்டாளிகள் விட்டுக்கொடுத்தார்களே, அதை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

மீண்டும் பர்மிங்ஹாமுக்கு வருவோம். அயோமிக்கு 2012-ல் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்கு நடுவிலும் வாசித்தார். ஊர் ஊராகப் போவது உடம்புக்கு ஆகாது என்று கண்டு, 'முடிவு' என்றே பெயர் வைத்து ஒரு பயணம் போய், 2017 பிப்ரவரி 4-ம் தேதி சொந்த நகரத்தில் முடித்தார்கள். இந்தத் தடவை சொன்ன சொல் நின்றது. ஆனால் அந்த முடிவில் ஒரு குறை. தொடக்கத்திலிருந்து டிரம் வாசித்த பில் வார்டு மேடையில் இல்லை. கையெழுத்திடத் தக்க ஒப்பந்தம் தரவில்லை என்று அவர் 2012-லேயே பகிரங்கமாகச் சொன்னார். அவர் உடம்பு தாங்காது என்று மறுதரப்பில் பேசினார்கள். கூலிப் பேச்சு முறிந்ததும் ஆளின் உடம்பைக் குறை சொல்வது நாம் கேட்டறியாத ராகம் அல்ல.

ஆஸி தனியாகப் பயணத்தைத் தொடர நினைத்தார். 2019-ல் வீட்டில் விழுந்து முதுகெலும்புக்கு அறுவைச் சிகிச்சை. பார்க்கின்சன் நோய் என்று 2020-ல் மறைக்காமல் சொன்னார். 2023 பிப்ரவரி 1-ம் தேதி, குரல் இருக்கிறது, உடம்பு பயணத்துக்கு இடம் தரவில்லை என்று அறிவித்து நிறுத்திக்கொண்டார்.

பின்னர் 2025 ஜூலை 5. ஆஸ்டனின் வில்லா பார்க் கால்பந்துத் திடலில் ஒரே ஒரு நாள் கச்சேரி. அவர்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்த மெடாலிகா முதலிய குழுக்கள் முதலில் வாசித்தன. கடைசியில் ஆஸி நாற்காலியில் அமர்ந்தபடியே வந்தார். எழுந்து நிற்க இயலாததை எந்தத் திரைக்குப் பின்னும் ஒளிக்கவில்லை. ஒன்பது பாட்டு, அவற்றில் நான்கு பழைய குழுவோடு. டிரம் வாசித்தவர் பில் வார்டு! 2005-க்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில் நின்றது அன்றுதான். வருவாய் பார்க்கின்சன் நோயாளர் நலனுக்கும் இரண்டு குழந்தைகள் மருத்துவ நிலையங்களுக்கும் என்று முன்னரே அறிவித்திருந்தார்கள்.

குறையும் சொல்லவேண்டும். டிக்கட் விலை ஏறத்தாழ 200 பவுனில் தொடங்கிற்று. தர்மத்துக்குத்தான் என்றாலும், ஆஸ்டனில் வாரக் கூலி வாங்குகிறவன் எட்டிப் பிடிக்கும் விலையா அது? அவன் தெருவில் பிறந்த பாட்டு, அவன் வீட்டருகே உள்ள திடல். உள்ளே போக அவனுக்கு வழியில்லை.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ம் தேதி ஆஸி மறைந்தார். வயது 76. ஜூலை 30 அன்று அவர் உடல் பர்மிங்ஹாம் பிராட் ஸ்ட்ரீட் வழியாக, அந்தக் குழுவின் பெயரைத் தாங்கிய பாலத்தின் மேல் சென்றது. தெரு நெடுகக் கூட்டம். அன்று யாரும் டிக்கட் கேட்கவில்லை.