கம்பளிப்பூச்சி ஊர்ந்த கதை

"பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு மண் தள்ளும் யந்திரம் எதற்கு?" என்று நம்மை இதுவரையில் பதினேழு பேர் கேட்டிருக்கிறார்கள். பதினெட்டாவதாகக் கேட்டது நமது தர்ம பத்தினி. முதல் பதினேழு பேருக்கும் நாம் விஸ்தாரமாகப் பதில் சொன்னோம். பதினெட்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வழியில்லாமல், எண்ணெய்க் கறை படிந்த சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கிணற்றை எட்டிப் பார்த்தபோதுதான் உண்மையான பதில் அடியிலே கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை.

செங்கற்பட்டுச் சீமைக்கு ஏரிகளின் சீமை என்று பெயர். மதுராந்தகம் ஏரியையும் செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியையும் அறியாதவர் யார்? அவற்றைப் போலப் புகழ் பெறாத ஆயிரம் சிற்றேரிகளும் குளங்களும் இந்தப் பிரதேசத்தில் உண்டு. மறைமலை நகரில் நம் வீட்டுக்குச் சற்றுத் தூரத்திலே, பழைய சிற்றூர் ஒன்றில், அத்தகைய குளம் ஒன்று இருக்கிறது. அது நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகள் நிறையும். அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயின் கடைசி நூறு மீட்டர், இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஐந்தடி அகலத்தில் ஓடுகிறது. ஓடுகிறது என்றா சொன்னோம்? ஓடிக்கொண்டிருந்தது. பல வருஷத்து வண்டலும் குப்பையும் சேர்ந்து ஒரு அடி உயரத்துக்கு அடைத்துக் கொண்டுவிட்டன. மழை பெய்தால் தண்ணீர் குளத்துக்குப் போவதில்லை. வீடுகளுக்குள் விஜயம் செய்தது.

பெரிய மண் வாரும் யந்திரத்தைக் கூப்பிட்டார்கள். அது ஏழடி அகலம். ஐந்தடிச் சந்திலே அது எப்படி நுழையும்? சந்து வாசலில் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. கையால் வாரலாமே என்றால், கணக்கைப் பாருங்கள். நூறு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், முப்பது சென்டிமீட்டர் ஆழம். மொத்தம் 45 கன மீட்டர் மண். ஒரு கூடைக்கு இருபது லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 2,250 கூடை! முன்காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து இந்த வேலையைச் செய்தார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். இப்போது வீட்டுக்கு ஓர் ஆள் இருக்கிறார். ஆனால் அவர் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ மூன்று ஷிப்டில் ஒரு ஷிப்டில் இருக்கிறார்.

புழுவின் வம்சாவளி

"சார், சின்னதா ஒரு புல்டோஸர் நாமே செஞ்சா என்ன?" என்று கேட்டவன் நம்மிடம் முன்பு படித்து, பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வேலை பயின்ற ஒரு பையன். கணக்குப் பரீட்சையில் முப்பத்தைந்து மதிப்பெண்ணைத் தாண்டாதவன். "புல்டோஸர் என்றால் என்ன என்று தெரியுமா?" என்று நாம் வாத்தியார் தோரணையில் கேட்டோம். "தெரியும் சார். ஒரகடத்துல கோமாட்ஸுவோட பெரிய பெரிய லாரியைப் பார்த்திருக்கேன். திருவள்ளூர்ப் பக்கம் காட்டர்பில்லர் தொழிற்சாலையையும் பார்த்திருக்கேன்" என்றான். கேட்டதற்கு வெட்கமடைந்தோம்.

சங்கிலிப் பாதையில் ஊரும் வண்டியின் சரித்திரம் சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்து ஸ்டாக்டன் நகரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் நீராவி டிராக்டர்கள் செய்து வந்தார். அந்தப் பக்கத்து நிலம் சதுப்பு நிலம். டிராக்டர்கள் அதில் அமிழ்ந்து போயின. சக்கரத்தை அகலமாக்கிக்கொண்டே போனார், பயனில்லை. 1904-ல் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மரக்கட்டைகள் பொருத்திய சங்கிலிப் பாதையை மாட்டினார். வண்டி தனக்குத் தானே ரஸ்தா போட்டுக்கொண்டு அதன் மேல் சென்றது. அது ஊர்வதைப் பார்த்த ஒரு புகைப்படக்காரர் 'கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கிறதே!' என்றாராம். அதுவே பெயராகி, 1910-ல் வியாபார முத்திரையாகவும் பதிவாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தில் கிரந்தம் என்ற ஊரில் ஹார்ன்ஸ்பி கம்பெனியாரும் இவ்வித வண்டி செய்தார்கள். வண்டிக்கு முன்னால் மண் தள்ளும் தகட்டைப் பொருத்திய பெருமை கான்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ் என்ற விவசாயிக்கும் மக்லியாட் என்ற படம் வரைபவருக்கும் உரியது, அது 1923-ல். பழைய இரும்பை வைத்துக்கொண்டு அவர்கள் தொடங்கிய வேலை அது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

நம் தேசத்தில் 1964-ல் பாரத் எர்த் மூவர்ஸ் என்ற அரசாங்க ஸ்தாபனம் தொடங்கப்பட்டது. ஜப்பானியக் கோமாட்ஸு கம்பெனியின் ஒத்துழைப்போடு அது கோலார் தங்க வயலில் புல்டோஸர்கள் செய்தது. தலைமுறை தலைமுறையாக நம் தமிழ் மக்கள் பூமிக்கு அடியில் இறங்கிப் பாடுபட்ட ஊர் அல்லவா அது? 2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அவ்வூரில் யந்திரத் தொழில் நிலைத்திருந்தது.

காயலான் கடையும் கணித சாஸ்திரமும்

சித்திரை விடுமுறையில் காரியத்தை ஆரம்பித்தோம். 'நாம்' என்றால் நான்கு பேர்: மேற்படி ஃபிட்டர் பையன், அவனுடைய தோழர் இருவர், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். வாத்தியாராகிய நாம் ஐந்தாவது. எண்ணிக்கையில் சேர்த்தி, உபயோகத்தில் பாதி.

காயலான் கடையில் ஒரு பழைய டீசல் சரக்கு ஆட்டோவின் பின்பாகம் கிடைத்தது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின், கியர்ப் பெட்டி, பின்னோக்கி ஓட்டும் கியர், டிஃபரென்ஷியல், இரண்டு பக்கமும் பிரேக் — எல்லாம் ஒரே மூட்டையாக! புல்டோஸருக்குத் திருப்பும் சக்கரம் கிடையாது. ஒரு பக்கத்துச் சங்கிலியை நிறுத்தினால் மறு பக்கம் ஓடி, வண்டி நின்ற பக்கமாகத் திரும்பும். டிஃபரென்ஷியலின் குணமோ, ஒரு பக்கத்தைப் பிடித்தால் அந்தப் பக்கத்தின் சுற்றையும் சேர்த்து மறு பக்கத்துக்குக் கொடுத்துவிடுவது. ஆகவே ஒரே மிதிக்குச் சென்ற பிரேக் குழாயைப் பிரித்து, இடக்கைக்கு ஒரு நெம்புகோல், வலக்கைக்கு ஒரு நெம்புகோல் என்று வைத்தோம். திருப்பும் வித்தை முடிந்தது.

சங்கிலிப் பாதைக்கு, ஆலைகளில் பெட்டிகளை நகர்த்தும் பழைய கன்வேயர் சங்கிலி அகப்பட்டது. கண்ணிக்குக் கண்ணி ஆங்கிள் இரும்பை வெட்டிப் பற்றவைத்தோம். அந்த விளிம்புதான் மண்ணைக் கவ்வும் நகம். முன்னால் தள்ளும் தகட்டைப் பழைய இரும்புக் குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து செய்தோம். தகடு வளைந்திருந்தால்தான் மண் ஏறிச் சுருண்டு முன்னால் விழும். நேராக இருந்தால் மேலே வழிந்து பின்னால் போய்விடும். தகட்டின் அகலம் மூன்றரை அடி. அதைத் தூக்கவும் இறக்கவும் ஹைட்ராலிக் ஒன்றும் இல்லை. நீண்ட நெம்புகோல்தான், ஆர்க்கிமிடீஸின் கைங்கரியம்.

எடை மேடையில் நிறுத்தோம். யந்திரம் 400 கிலோ, ஓட்டுகிறவனோடு 460. பையன்களுக்குச் சந்தேகம்: "சேத்துல முழுகிடாதா சார்?" சங்கிலி ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தரையில் படிகிறது. இரண்டும் சேர்ந்து 2,700 சதுர சென்டிமீட்டர். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 170 கிராம் பாரம். பிறகு ஃபிட்டர் பையனைக் கட்டம் போட்ட காகிதத்தின் மேல் வெறுங்காலோடு நிறுத்திப் பாதத்தை வரைந்தோம். இரண்டு பாதமும் சேர்ந்து ஏறக்குறைய 300 சதுர சென்டிமீட்டர். அவன் எடை 60 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம்! யந்திரத்தை விடப் பையனே அதிகமாக அமிழ்வான். முப்பத்தைந்து மதிப்பெண்ணைத் தாண்டாத அந்தப் பையன் கூட்டல் கழித்தல் எல்லாவற்றையும் தானே மறுபடி போட்டுப் பார்த்தான். "இதைப் பள்ளிக்கூடத்துலயே இப்படிச் சொல்லியிருக்கலாமே சார்" என்றான். நாம் பதில் சொல்லவில்லை. அந்த வார்த்தை மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

மூன்று அவமானங்கள்

முதல் பரிசோதனையில் யந்திரம் உறுமியது. தகட்டை மண்ணில் இறக்கியதும் புகை கிளம்பியது. கிளச் கருகிவிட்டது. ஆட்டோவுக்கு வேண்டியது வேகம். நமக்கு வேண்டியது பலம். ஒரு கைக்குட்டையில் இரண்டையும் முடிய முடியாது. நடுவே சிறு பல்சக்கரத்திலிருந்து அதைப் போல் இரட்டிப்புப் பற்கள் உள்ள பெரிய சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு, வேகத்தைப் பாதியாக்கினோம். தள்ளும் சக்தி இரட்டித்தது. இப்போது கம்பளிப்பூச்சி மணிக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் ஊர்கிறது. நத்தைக்கு இது வேகம். நமக்கு இது போதும்.

இரண்டாவது, திரும்பும்போதெல்லாம் சங்கிலிப் பாதை உருளையை விட்டு நழுவியது. முன் உருளையைத் திருகாணியால் முன்னுக்குத் தள்ளி இறுக்கும்படி அமைத்து, உருளையின் நடுவே ஒரு வரம்புத் தகட்டையும் பற்றவைத்தோம். அதிகம் இறுக்கினால் பேரிங் தேயும், தளர்த்தினால் நழுவும். மத்தியில் இரண்டு விரல் தொய்வு இருக்க வேண்டும் என்பது அனுபவத்தில் கண்டது.

மூன்றாவது அவமானம் நமக்கே நேர்ந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தோளில் கிடந்த துண்டைச் சங்கிலி கவ்வியது. வெல்டிங் பெரியவர் எஞ்சினை நிறுத்தினாரோ, இக்கட்டுரையை நாம் எழுதுகிறோமோ! அன்றே எல்லாச் சங்கிலிக்கும் தகரக் கூடு போட்டோம். எஞ்சின் ஓடும்போது ஒருவரும் மூன்று முழத்துக்குள் வரக்கூடாது, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் ஆசனத்தில் ஏறக்கூடாது என்று சட்டமும் செய்தோம். வீட்டிலே இவ்விதம் செய்ய விரும்புகிறவர்கள் யந்திரத்துக்கு முன்னால் கூட்டைச் செய்யட்டும்.

கால்வாயில்

உரிய அனுமதியைப் பெற்று, ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேலை தொடங்கியது. யந்திரம் தெருவில் ஓடக்கூடியதல்ல. ஆகவே 'குட்டி யானை' என்று எல்லோரும் அழைக்கும் சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். யானை மேல் கம்பளிப்பூச்சி! நகரத்துக்குப் பெயர் கொடுத்த மறைமலையடிகள், வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். அவர் ஊரில் 'புல்டோஸர்' என்று கூவுவது நியாயமா என்று யோசித்துத்தான் பையன்கள் 'கம்பளிப்பூச்சி' என்று நாமகரணம் செய்தார்கள்.

இரண்டு அங்குலம், இரண்டு அங்குலமாகச் சீவி மண்ணைச் சந்தின் வாசல் வரையில் தள்ளியது. அங்கிருந்து டிராக்டரில் ஏறியது. குழந்தைகள் மாடியில் நின்று கை கொட்டினார்கள். இரண்டாவது வாரம் பையன்களுக்கு உற்சாகம் தலைக்கேறிற்று; நடுவிலே ஓரிடத்தில் ஆழமாகவே தோண்டிவிட்டார்கள். அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு முதிய விவசாயி எழுந்து வந்தார்.

"வாத்தியாரே, மெஷின் நல்லாத்தான் இருக்குது. ஆனா தண்ணிக்கு மெஷின் தெரியாது, பள்ளந்தான் தெரியும். இங்கே குழி பண்ணீங்கன்னா இங்கேயே நின்னுடும், குளத்துக்குப் போகாது" என்றார்.

நமக்குச் சுரீரென்றது. கொத்தனாரிடமிருந்து டியூப் மட்டம் வாங்கி வந்து, பத்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து மட்டம் பார்த்தோம். பெரியவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. தோண்டிய குழியை மறுபடி மூடி மிதித்தோம். அதன் பின் அவர் திண்ணையை விட்டு இறங்கியே நின்றார். முளைக்கு முளை கயிறு கட்டிச் சரிவைக் காட்டினார். இரு கரையோரமும் தகடு எட்டாத இடத்தை மண்வெட்டியால் வெட்ட வேண்டியிருந்தது. அதற்கு யார் வருவார்கள் என்று கவலைப்பட்டோம். மூன்றாவது வாரம் ஷிப்டு முடிந்து வந்த இளைஞர்கள் இருவர் மண்வெட்டியோடு வந்தார்கள். நான்காவது வாரம் பதினொரு பேர். அவர்களில் சிலர், நம்மைக் கேள்வி கேட்ட அந்தப் பதினேழு பேரைச் சேர்ந்தவர்கள்! யந்திரம் பாதி, மண்வெட்டி பாதியாக வேலை முடிந்தது.

இதைப் பெரிய சாதனை என்று நாம் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த வட்டாரத்தில் மோட்டார் வண்டிகள் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகின்றன, உலகமெங்கும் போகின்றன. அவற்றைப் பூட்டும் கைகள் நம் பிள்ளைகளுடைய கைகள். ஆனால் ஒரு கை ஒரே திருகாணியை நாள் முழுவதும் திருகுகிறது. இங்கே நம் நகரில் ஃபோர்டு தொழிற்சாலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றபோது, தொழிற்சாலை இன்றியும் தொழில் நம்மிடம் நிற்குமா என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. முழு யந்திரத்தையும் ஒருமுறை தன் புத்தியால் யோசித்து, கெடுத்து, மறுபடி செய்து முடித்த பையனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்பது நம் அபிப்பிராயம். பெற்றோர்களே, பிள்ளை ஸ்பானரைத் தொட்டால் 'படிப்பைப் பார்' என்று பிடுங்காதீர்கள். அதுவும் படிப்புத்தான்.

ஐப்பசியில் ஓரிரவு மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலை யாரோ கதவைத் தட்டினார்கள். குடையும் இல்லாமல் ஃபிட்டர் பையன் நின்றான். "வாங்க சார்" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. ஓடினோம். சந்திலே செந்நிறத் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு, ஒரு வீட்டுப் படியையும் தொடாமல், முளை முளையாகத் தாண்டிப் போய்க் கொண்டிருந்தது. குளத்தின் வாயில் முதிய விவசாயி தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்.

"எவ்வளவு வேகம் இருக்கும் சார்?" என்று கேட்டான் பையன். நாம் வாய் திறப்பதற்குள் ஒரு சருகைத் தண்ணீரில் போட்டு, முளைகளை எண்ணிக்கொண்டே அதன் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டான்.