குடத்தின் வாயும் ஒலிப்பெட்டியின் குழாயும்

குழாயடியில் வைத்த குடம் நிரம்பிவிட்டதா என்பதை எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். நீர் ஏற ஏற ஓசை கனத்திலிருந்து மெலிந்து கீச்சொலியாக உயரும். குடத்திற்குள் எஞ்சியிருக்கும் காற்றின் அளவு குறைவதே இதற்குக் காரணம். இந்தச் சிறிய உண்மையை வைத்துக்கொண்டு, கார் டிக்கியில் பொருத்தும் சப்வூஃபர் பெட்டிக்கு எவ்வளவு நீளமான குழாய் வேண்டும் என்று கணக்கிட்டுவிட முடியும்.

காரைக்குடி வீதிகளில் சில கார்கள் கடந்து போகும்போது, பாட்டு காதில் விழுமுன்பே ஜன்னல் கதவு அதிர்வதை நீங்கள் கவனித்திருக்கலாம். அவற்றின் பெட்டிகளைப் பார்த்தால் ஒலிபெருக்கியின் பக்கத்தில் ஒரு வட்டத் துவாரமும், அதிலிருந்து உள்ளே செல்லும் குழாயும் தெரியும். பெட்டி செய்கிறவர்கள் பலர் இந்தக் குழாயின் நீளத்தை வேறொரு பெட்டியிலிருந்து அளந்து அப்படியே வெட்டிவிடுகிறார்கள். அது ஏன் தவறு என்பதையே இங்குக் காண்போம்.

காற்றும் ஒரு வில்

நம் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை, கடத்துக்குப் பெயர் பெற்ற ஊர். 2023ஆம் ஆண்டில் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடத்தின் வாயருகே உள்ளங்கையால் தட்டினால் 'கும்' என்ற நாதம் எழுகிறது. அது மண்சுவரின் ஒலி மட்டுமன்று. உள்ளே அடைபட்ட காற்றின் ஒலியும் ஆகும்.

கடத்தின் கழுத்தில் இருக்கும் காற்றை ஒரு தக்கை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு நிறை உண்டு. வயிற்றில் உள்ள காற்று ஒரு சுருள்வில்லைப் போன்றது. தக்கையை உள்ளே தள்ளினால் வில் எதிர்த்துத் தள்ளும். ஆகவே தக்கை உள்ளும் புறமும் ஊசலாடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட ஒலியியல் நூலில் இத்தகைய கலங்களை விரிவாக ஆராய்ந்தார். இன்றும் இவை 'ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்விகள்' என்றே அழைக்கப்படுகின்றன.

கலம் பெரிதானால் வில் தளரும், அதிர்வெண் குறையும். கழுத்து நீண்டால் தக்கை கனக்கும். அதிர்வெண் மேலும் குறையும். வாய் அகன்றால் அதிர்வெண் கூடும். கடம் வாசிப்பவர் அதன் வாயை வயிற்றோடு சேர்த்து ஓரளவு மூடும்போது நாதம் தாழ்வது இதனால்தான்.

பெட்டியில் துவாரம் எதற்கு?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. பின்பக்கக் காற்று தளர்கிறது. 35 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 10 மீட்டர். ஆகவே பெட்டியே இல்லாவிட்டால் முன்னலையும் பின்னலையும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். மூடிய பெட்டி பின்னலையைச் சிறைப்படுத்தி இந்த அழிவைத் தடுக்கிறது. ஆனால் அந்த ஆற்றல் வீணாகிறது. அதையும் பயன்படுத்தும் வழியாகத் துவாரம் வைத்த பெட்டிக்கு, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த துராஸ் என்பவர் 1932இல் காப்புரிமை பெற்றார்.

இதன் சூட்சுமத்தை ஒரு ரப்பர் நாடாவில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கலாம். கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் கல் கையோடு சேர்ந்தே அசையும். வேகமாக ஆட்டினால் கை மேலே போகும்போது கல் கீழே போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தில், கையின் சிறு அசைவுக்கே கல் பெரிதாகத் துள்ளும்.

பெட்டியின் காற்றுத் தக்கையும் அப்படித்தான். ஒத்ததிர்வு எண்ணுக்கு மேலே கூம்பு வெளியே தள்ளும்போது தக்கையும் வெளியே தள்ளுகிறது. இரண்டு ஒலிகளும் கூடுகின்றன. ஒத்ததிர்வு எண்ணில் கூம்பு அநேகமாக அசையாமல் நிற்க, தக்கையே முழு வேலையையும் செய்கிறது. அதற்குக் கீழே இரண்டும் எதிரெதிராக அசைந்து ஒலியை அழிக்கின்றன.

கணக்கு

குழாயின் பயனுறு நீளத்தைக் காணும் வாய்பாடு இது:

பயனுறு நீளம் = (ஒலிவேகம் × ஒலிவேகம் × துவாரப் பரப்பு) ÷ (39.5 × அதிர்வெண் × அதிர்வெண் × கனஅளவு)

எல்லா அளவுகளும் மீட்டரில் இருக்க வேண்டும். பெட்டியின் நிகரக் கனஅளவு 40 லிட்டர், அதாவது 0.04 கன மீட்டர் என்க. வேண்டிய அதிர்வெண் 35. குழாயின் உள்விட்டம் 10 செ.மீ.; எனவே பரப்பு 0.00785 சதுர மீட்டர். 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒலிவேகம் வினாடிக்கு 346 மீட்டர். இவற்றை இட்டால் பயனுறு நீளம் 48.6 செ.மீ. என வரும்.

இதை அப்படியே வெட்டிவிடக் கூடாது. குழாயின் இரு முனைகளுக்கும் வெளியே உள்ள கொஞ்சம் காற்றும் தக்கையோடு சேர்ந்து அசைகிறது. ஒரு முனை பலகையோடு பொருந்தியும், மறுமுனை பெட்டிக்குள் தனித்தும் இருந்தால், இந்தத் திருத்தம் ஆரத்தைப் போல் சுமார் 1.46 மடங்கு. ஆரம் 5 செ.மீ.; திருத்தம் 7.3 செ.மீ. ஆகவே வெட்ட வேண்டிய நீளம், பலகையின் கனத்தையும் சேர்த்து, 41.3 செ.மீ.

நிகரக் கனஅளவு என்பதை மறக்க வேண்டாம். குழாய் சுமார் 4 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒலிபெருக்கிக்கு 2 லிட்டர் ஒதுக்கினால் பெட்டியின் உள்ளளவு 46 லிட்டர் இருக்க வேண்டும். 54 × 35 × 24.4 செ.மீ. என்ற உள்ளளவு இதற்குப் பொருந்தும். குழாயை 54 செ.மீ. பக்கத்தின் நெடுக்கில் வைத்தால், அதன் உள்முனைக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே ஒரு விட்ட அளவுக்கு மேல் இடைவெளி இருக்கும். அது அவசியம்.

இதே 41.3 செ.மீ. குழாயை 25 லிட்டர் பெட்டியில் பொருத்தினால் என்ன ஆகும்? அதிர்வெண் 35இலிருந்து 44க்கு உயர்ந்துவிடும். கடன் வாங்கிய நீளம் உதவாது என்பதற்கு இதுவே சான்று.

சிறிய துவாரம் போதாதா?

குழாயின் விட்டத்தை 5 செ.மீ. ஆக்கினால், திருத்தம் போக நீளம் 8.5 செ.மீ. போதும். இடமும் பணமும் மிச்சம். ஆனால் அதே அளவு காற்று நான்கில் ஒரு பங்கு பரப்பின் வழியே போக வேண்டுமே! தக்கை ஒவ்வொரு பக்கமும் 0.3 லிட்டர் காற்றை நகர்த்துகிறது என்க. 10 செ.மீ. குழாயில் காற்றின் உச்ச வேகம் வினாடிக்கு 8.4 மீட்டர். 5 செ.மீ. குழாயில் அது 33.6 மீட்டர், மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல்! அந்த வேகத்தில் காற்று சுழித்து, நாதத்தோடு 'புஸ்' என்ற இரைச்சலும் வரும். ஒலிவேகத்தில் 5 விழுக்காட்டுக்குள், அதாவது வினாடிக்கு சுமார் 17 மீட்டருக்குள், இருப்பது நல்லது என்பது பொதுவான விதி.

கூம்பைக் காப்பது எது?

ஒத்ததிர்வு எண்ணுக்கு மிகக் கீழே, தக்கை எதிர்ப்பின்றிக் கூம்போடு போய்வருகிறது. காற்றுவில்லின் தாங்குதல் அப்போது கூம்புக்கு இல்லை. அந்த நிலையில் ஒலியை உயர்த்தினால் கூம்பு எல்லை மீறித் துள்ளும், கம்பிச்சுருள் சிதையும். ஒலி குறைகிறதே என்று மேலும் உயர்த்துபவர் இப்படித்தான் விலை உயர்ந்த ஒலிபெருக்கியை இழக்கிறார். பெருக்கியில் தாழ்வெண் வடிகட்டி இருந்தால், நம் பெட்டிக்கு அதை 28 அல்லது 30 ஹெர்ட்ஸில் வைக்கலாம்.

40 லிட்டர், 35 ஹெர்ட்ஸ் என்பவை எடுத்துக்காட்டுகளே. உங்கள் ஒலிபெருக்கிக்கு எது பொருந்தும் என்பதை அதன் விவரத்தாளில் உள்ள தீல்-ஸ்மால் அளவுகளே தீர்மானிக்கும். ஆஸ்திரேலியரான தீல் 1961இலும், அவருக்குப் பின் சிட்னியில் ஆய்ந்த ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வகுத்த முறை இது.

பெட்டி முடிந்ததும் கணக்கைச் சோதியுங்கள். குறைந்த ஒலியளவில் 60 ஹெர்ட்ஸிலிருந்து படிப்படியாகக் கீழே இறக்கி, கூம்பின் மீது விரலை மெல்ல வைத்துப் பாருங்கள். எந்த எண்ணில் கூம்பு அடங்கி, குழாயின் வாயில் காற்று பலமாக வீசுகிறதோ, அதுவே பெட்டியின் ஒத்ததிர்வு எண். அது 35ஐவிடக் கூடுதலாக இருந்தால் குழாயைச் சிறிது நீட்டுங்கள். குறைவாக இருந்தால் சிறிது வெட்டுங்கள். நீளமாக வெட்டிய குழாயைக் குறைப்பது எளிது. ஆகவே முதலில் இரண்டு செ.மீ. கூடுதலாக வைத்தே வெட்டுவது புத்திசாலித்தனம்.