காலரா: நச்சு விட்டுவைத்த கதவு

கொலையாளி யார் என்பது 1884லேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு கல்கத்தாவில் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக், காலரா நோயாளிகளின் குடலில் கமா வடிவக் கிருமியை அடையாளம் கண்டார். கொலை எப்படி நடக்கிறது என்பது தெரிய மேலும் 75 ஆண்டுகள் பிடித்தன.

புதிருக்குக் காரணம் இருந்தது. இந்தக் கிருமி குடல் சுவரைத் துளைப்பதில்லை. ரத்தத்தில் கலப்பதும் இல்லை. ஆனாலும் அரிசி களைந்த தண்ணீர் போன்ற பேதி லிட்டர் கணக்கில் வெளியேறி, நோயாளி சில மணி நேரத்தில் இறந்துவிடலாம்.

விடையும் கல்கத்தாவிலிருந்தே வந்தது. சம்பு நாத் டே என்ற மருத்துவ விஞ்ஞானி, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் கட்டினார். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த நீரை உள்ளே செலுத்தினார். குடல் நீர் கோர்த்து உப்பியது. ஆக, ஆளை வீழ்த்துவது கிருமி கக்கும் நச்சு. 1959இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது.

நச்சின் ஒரு பகுதி குடல் செல்லின்மீது ஒட்டிக்கொள்கிறது. மற்றொரு பகுதி உள்ளே புகுந்து, உப்பை வெளியேற்றும் சுவிட்சை அணைக்க முடியாதபடி போட்டுவிடுகிறது. உப்பு போகும் வழியில் தண்ணீரும் போகிறது. கிருமிக்கு இதில் லாபம்தான். பேதியோடு கோடிக்கணக்கில் வெளியேறி, அடுத்தவர் குடிக்கும் நீரில் கலந்துவிடுகிறது. இந்த நச்சுக்கான மரபணுவே ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்பது 1996இல் தெரியவந்தது.

ஆனால் நச்சு ஒரு கதவை மூடுவதில்லை. குளுக்கோஸ் குடல் செல்லுக்குள் நுழையும்போது உப்பையும் கூட்டிச் செல்கிறது. பின்னாலேயே தண்ணீரும் செல்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த எல்லை நகரான போன்காவில் காலரா பரவியது. ஏற்ற சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அந்தக் கதவை நம்பினார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பீப்பாயிலிருந்து பிடித்து உறவினர்களே புகட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

டே 1985இல் காலமானார். நம் அறிவியல் அகாடமிகள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. மஹலனாபிஸுக்கு பத்ம விபூஷண் 2023இல், மறைந்த பிறகே கிடைத்தது. உப்பு-சர்க்கரைப் பொட்டலமோ இன்று மூலைமுடுக்கு மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.