செல்லிக்கு வந்த காய்ச்சல்

பன்றி இறந்ததற்காக ஒருவன் அழுதான் என்றால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். என் விடுதி நண்பர்களும் சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாய் இறந்தால் ஆறுதல் சொல்லவும், மாடு இறந்தால் இழவு கேட்கவும் நம் ஊரில் வழக்கம் உண்டு. பன்றிக்கு அந்த வழக்கம் இல்லை. ஆதலால் என்ன சொல்வது என்று தெரியாமல் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு ஒருவர், "அப்படி என்னதான் நோய் அது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையே இக்கட்டுரை.

பெங்களூரின் ஓரத்தில் எங்கள் வீடு. தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டின் பின்புறம் ஐந்து பன்றிகள் வளர்த்தோம். அவற்றுள் ஒன்று செல்லி. ஓர் ஈற்றில் கடைக்குட்டியாகப் பிறந்து, தாயிடம் பால் குடிக்க இடம் கிடைக்காமல் தவித்தவள். அம்மா அவளைப் புட்டிப் பால் கொடுத்து வளர்த்தார். வளர்ந்த பிறகும் என் காலடி ஓசையை அறிந்து கொட்டிலின் வாயிலுக்கு வருவாள். பன்றிக்கு அறிவு உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்லலாம். கேண்டஸ் குரோனி, சாரா பாய்சன் என்னும் இரு அறிஞர்கள் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நான்கு பன்றிகள் மூக்கினால் ஒரு கோலை அசைத்துத் திரையில் புள்ளியை நகர்த்தக் கற்றுக்கொண்டன. செல்லிக்குக் கோலும் திரையும் கிடைக்கவில்லை. ஆனால் கொட்டிலின் தாழ்ப்பாளைத் திறக்க அவள் தானாகவே கற்றுக்கொண்டாள்.

ஒரு நாள் காலை அவள் வாயிலுக்கு வரவில்லை. மூலையில் சுருண்டு கிடந்தாள். தவிட்டைத் தொடவில்லை. மறுநாள் கண்களில் பீளை தள்ளியது. முதலில் மலம் கட்டியது, பிறகு கழிந்தது. எழுந்து நடந்தால் பின்னங்கால்கள் தள்ளாடின. நான்காம் நாள் காதுகளிலும் அடிவயிற்றிலும் கருஞ்சிவப்பாகப் படர்ந்தது. கால்நடை மருத்துவர் வந்து வெப்பம் பார்த்தார். 106 டிகிரி. பன்றிக்கு இயல்பான வெப்பம் 102 டிகிரியை ஒட்டியது.

"தடுப்பூசி போட்டீர்களா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பன்றிகளுக்கு இவ்வாறு வரும் கொடிய காய்ச்சல் இரண்டு. ஒன்று பழைய பன்றிக் காய்ச்சல். மற்றொன்று ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இரண்டையும் உண்டாக்குபவை வைரசுகள். ஆனால் அவை ஒன்றுக்கொன்று உறவில்லாத வைரசுகள். அறிகுறிகளோ ஏறத்தாழ ஒன்றே. கண்ணால் பார்த்து இது இன்னது என்று எந்த மருத்துவராலும் உறுதி கூற முடியாது. இரத்தத்தையோ உறுப்பின் துண்டையோ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் தெளியவேண்டும். இரண்டும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. இரண்டுக்கும் நோய் கண்டபின் குணப்படுத்தும் மருந்து இல்லை.

பழைய காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. நோயின் வைரசை முயல்களின் உடலில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் கொடுமையைத் தணித்துச் செய்யும் ஊசி நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கியது. அதற்காக முயல்கள் உயிரிழந்தன. மருந்தும் போதுமான அளவு கிடைக்கவில்லை. இக்குறையைப் போக்க, இஸ்ஸத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் உயிரணு வளர்ப்பு முறையில் செய்த தடுப்பூசி 2020-ல் வெளிவந்தது. குட்டிகள் பால் மறந்தபின் ஊசி போடுவது வழக்கம். ஊசி போட்ட தாயின் சீம்பாலைக் குடித்த குட்டிகளுக்குச் சில வாரங்கள் அதுவே காப்பாக இருக்கும். அந்தக் காப்பு இருக்கும்போது ஊசி போட்டால் அது சரியாகப் பிடிக்காது. ஆகையால் நாளை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

ஆப்பிரிக்கக் காய்ச்சலின் கதை வேறு. கென்யாவில் கண்ட இந்நோயை மாண்ட்கோமெரி என்பவர் 1921-ல் விவரித்து எழுதினார். 2007-ல் அது ஜார்ஜியா நாட்டையும், 2018-ல் சீனத்தையும் அடைந்தது. 2020-ல் அசாமிலும் அருணாசலத்திலும் நுழைந்தது. 2022-ல் கேரளத்து வயநாட்டிலும், 2023 சனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் காணப்பட்டது. நம் நாட்டுப் பட்டிகளில் போடுவதற்கு அதற்கு ஊசி இல்லை. 2020-ல் வகுத்த தேசியத் திட்டத்தின்படி, நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளைக் கொல்லவேண்டும். உடையவருக்கு இழப்பீடு உண்டு.

இதைக் கேட்டவுடன் என் சித்தப்பாவுக்கு அச்சம் பிடித்தது. அன்று இரவு அம்மாவிடம் வந்தார்.

"அண்ணி, மத்த நாலும் இன்னைக்கு நல்லா இருக்கு. விடியறதுக்குள்ள வித்துடலாம். நோய் வந்துட்டா சல்லிக்காசு தேறாது."

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. அந்த நான்கில் என் கல்லூரிக் கட்டணமும் அடங்கியிருந்தது.

"வாங்கிட்டுப் போறவன் கொட்டில்லயும் ஒரு செல்லி இருக்கும், தம்பி. வேண்டாம்" என்றார்.

அம்மா சட்டம் படித்தவர் அல்லர். ஆனால் சட்டமும் அதையே சொல்கிறது. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கென்று 2009-ல் இயற்றிய மத்தியச் சட்டத்தின்படி, அறிவிக்கவேண்டிய நோய் இருப்பதாக ஐயம் தோன்றினால் உடையவர் உடனே தெரிவிக்கவேண்டும். நோயுற்றதை மற்றவற்றிலிருந்து பிரிக்கவேண்டும். அஞ்சி விற்றுவிடும் பன்றியோடு நோயும் ஊர் விட்டு ஊர் செல்கிறது. நோய் பரவுவதற்கு அந்த அச்சமும் ஒரு வழி.

பதினோராம் நாள் விடியற்காலையில் செல்லி இறந்தாள். கடைசி இரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவம் என்று செய்ய ஒன்றும் இல்லை. உலர்ந்த வைக்கோலைப் பரப்பினேன். வாயருகே தண்ணீர் வைத்தேன். ஈ மொய்க்காமல் விசிறினேன். என் கை பட்டபோது ஒரு முறை முனகினாள். மருத்துவர் சொன்னபடி, கிணற்றுக்குத் தொலைவில் ஆறடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். அவள் படுத்த வைக்கோலைக் கொளுத்தினோம். கொட்டிலைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் தெளித்தோம். நான் போட்டிருந்த செருப்பையும் கழுவினேன். செருப்பில் ஒட்டிய சேறும் இந்நோயைச் சுமக்கும்.

சில நாள் கழித்து ஆய்வின் முடிவு வந்தது. பழைய பன்றிக் காய்ச்சல்தான். ஊசியால் தடுத்திருக்கக் கூடியது. மற்ற நான்கில் இரண்டு பின்னர் இறந்தன, இரண்டு பிழைத்தன.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பெங்களூரில் பன்றி வளர்ப்போர் பலரைப் போல நாங்களும் ஓட்டல்களில் மிஞ்சிய உணவை டிரம்மில் கொண்டுவந்து போடுவோம். அதைக் கொதிக்கக் காய்ச்சிப் போடவேண்டும். ஏனெனில் சரியாக வேகாத பன்றி இறைச்சியின் துணுக்கிலும் இவ்வைரசு உயிரோடு இருக்கக்கூடும். காய்ச்சும் வேலை என்னுடையது. தேர்வு நெருங்கிய வாரத்தில் இரண்டு மூன்று நாள் காய்ச்சாமலே கொட்டினேன். மருத்துவரிடம் இதைச் சொன்னபோது என் குரல் உடைந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உணவால் வந்திருக்கலாம், பன்றி வாங்க வந்தவரின் காலோடும் வந்திருக்கலாம். இதனால்தான் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இனி என்ன செய்வாய் என்பதைச் சொல்" என்றார்.

அச்சொல் எனக்கு வழிகாட்டியது. துயரத்தில் இருப்பவன் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் கொண்டு தன்னைத் தானே தண்டித்துக்கொள்கிறான். அதனால் இறந்த உயிருக்கும் பயனில்லை. இருக்கும் உயிருக்கும் பயனில்லை. எங்கள் வீட்டில் இப்போது மூன்று பழக்கங்கள் உள்ளன. ஊசி போடவேண்டிய நாள் காலண்டரில் குறிக்கப்படுகிறது. உணவு அரைமணி நேரம் கொதிக்காமல் கொட்டிலுக்குப் போவதில்லை. புதிதாக வாங்கிய பன்றி ஒரு மாதம் தனியே நிற்கிறது. நோய் என்று ஐயம் வந்தால் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். இதே நகரில் ஹெப்பாளத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1958 முதல் இருந்து வருகிறது. கால்நடைத் தடுப்பு மருந்துகள் செய்யும் நிலையமும் அங்கேயே உள்ளது. அவ்வழியாகப் பேருந்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு நாளும் இறங்கிக் கேட்டதில்லை.

2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறக்குறைய 90 லட்சம் பன்றிகள் இருந்தன. அவற்றை வளர்ப்போரில் பெரும்பாலோர் ஏழைகள். முகஞ்சுளிப்புக்கு அஞ்சி மருத்துவமனைப் படியேறத் தயங்குபவர்களும் அவர்களிடையே உண்டு. நம் சிரிப்பும் அந்தத் தயக்கத்தை வளர்க்கிறது என்பதை மன்றத்து நண்பர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மதுரைத் திருவிளையாடற் புராணத்தில், தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக் குட்டிகளுக்குச் சிவபெருமான் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்த படலம் ஒன்று உண்டு. பள்ளியில் அதைக் கேட்டபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். புட்டியோடு கொட்டிலில் அமர்ந்து செல்லிக்குப் பால் கொடுத்த அம்மாவை இன்று நினைக்கும்போது அந்தக் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று தெரிகிறது.